அறுநூற்று இருபதுக்குப் பிறகு

2025 ஜூன் 9, திங்கள்

பெட்டிகள் இன்று வந்து இறங்கின. துறைமுகக் கரையில், ஒரு காலத்தில் கொப்பரை மூட்டை அடுக்கிய கிடங்கில், இனி மூன்று மாதத்துக்கு எகிப்திய அரசன் ஒருவன் செத்துக் கிடப்பான். துட்டன்காமனின் புதையறை, அளவு மாறாத நகல். ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு தங்கப் பேழைகள், அவற்றுக்குள் கல்பெட்டி, கல்பெட்டிக்குள் மூன்று சவப்பெட்டிகள், கடைசியில் முகமூடி; பார்ப்பவர்களுக்காக இங்கே எல்லாவற்றையும் தனித்தனியாக நிறுத்துவோம். தங்கம் என்பது வண்ணம். கல் என்பது ரெசின். கல்பெட்டியை இரண்டு பேர் சிகரெட் பிடித்துக்கொண்டே தூக்கிவந்தார்கள்.

என் வேலை ஒவ்வொரு பொருளையும் பிரித்து, அளந்து, நிலையைக் குறித்து, பதிவேட்டில் ஏற்றி, பக்கத்தில் எண் அட்டை வைப்பது. நூறு ஆண்டுக்கு முன் அந்தக் கல்லறையைத் திறந்த ஆங்கிலேயர் செய்ததும் இதைத்தான். அவருக்குப் பத்து ஆண்டு ஆயிற்று. எனக்கு இரண்டு வாரம் கொடுத்திருக்கிறார்கள்.

அவர் முதல் படிக்கட்டில் ஒன்று என்று தொடங்கி அறுநூற்று இருபதில் நிறுத்தினார். எது எங்கே, எதன் மேல், எதன் அடியில் கிடந்தது என்பதெல்லாம் அந்த எண்ணில் கட்டுண்டு கிடக்கிறது. எண்ணை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நகைக்கடை.

சாப்பிடும்போது நாதனிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் ஜுருவில் பழைய கார் விற்கிறவர். எதையும் அந்தக் கண்ணால்தான் பார்ப்பார்.

"எல்லாமே டூப்ளிகேட்டுன்னா அப்புறம் எத அளக்குற?"

"நம்பர் மட்டும் அசல்."

யோசித்தார். காருக்கு அவர் வாயில் எப்போதும் மலாய்ச் சொல்தான். "கெரேத்தாவும் அப்படித்தான் லா. பாடி மாத்தலாம், எஞ்சின் மாத்தலாம். சேசிஸ் நம்பர்ல கைய வெச்சா போலீஸ்."

மேலே இத்தனை வரி எழுதியிருக்கிறேன். அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

ஜூன் 12, வியாழன்

ஷாஹிரா என்னோடு வேலை செய்கிறாள். பெட்டி பிரிப்பாள், படமெடுப்பாள். மூன்று பிள்ளைகள், பள்ளி வேன் வரும் நேரம்தான் அவளுடைய கடிகாரம்.

கல்பெட்டி மூடியின் குறுக்கே விரிசலைக் கண்டு இன்று வெலவெலத்துப் போனாள். "அக்கா, சத்தியமா நான் தொடல."

அசலிலேயே உடைந்ததுதான் என்றேன். அன்றைக்கே உடைந்து, சாந்து பூசி, வண்ணம் அடித்து மறைத்திருக்கிறார்கள். முதல் சவப்பெட்டியின் கால்மாடு உயரமாகப் போய் மூடி உட்காரவில்லை. தச்சன் அங்கேயே செதுக்கித் தள்ளிவிட்டுப் போயிருக்கிறான், சில்லுகளைக்கூடக் கூட்டாமல். ஆங்கிலேயர் அந்தச் சில்லுகளையும் குறித்துவைத்தார்.

"குப்பைய எதுக்குக்கா எழுதுனாரு?"

"அங்க இருந்துச்சு. எழுதுனாரு."

அவளுக்கு இது போதவில்லை. எனக்குப் போதும்.

ஜூன் 17, செவ்வாய்

கண்காட்சி மேலாளர் குணாளன் காலையிலேயே வந்தார். இதற்கு முன் ஜுரு ஆட்டோ சிட்டியில் புதுக் கார் அறிமுக விழாக்கள் நடத்தியவர். நல்ல பிள்ளை. திரையால் மூடி வைத்து விலக்கினால் எதையும் விற்றுவிடலாம் என்று நம்புகிறவர்.

"அக்கா, ஒரு சின்ன கரெக்‌ஷன். நாலு வேணாம்."

"எந்த நாலு?"

"எல்லா நாலும். நேத்து டத்தோ வந்து பாத்தாரு. கல்பெட்டி பக்கத்துல 240-ன்னு பெருசா நிக்குது. மனுஷனுக்கு முகமே செத்துப் போச்சு. 3A போட்டுருவோம் அக்கா. பில்டிங்ல எல்லாம் போடுறதுதானே."

டத்தோ என்பது பட்டம்; ஆள் கிடங்கின் சொந்தக்காரர், அடுக்குமாடி கட்டுகிறவர். நான்கு என்றால் சாவு என்று சீனர்கள் ஒதுக்குவதால் இந்த ஊர் லிஃப்டுகளில் மூன்றுக்குப் பிறகு 3A வரும், பிறகு ஐந்து வரும். யாரும் வியப்பதில்லை.

"தம்பி, இது பொணம் வெச்ச அறை. இங்க சாவு வரக் கூடாதுன்னா எப்படி?"

"ஃபேமிலி எல்லாம் வருவாங்க அக்கா."

பொறுமையாகச் சொன்னேன். 240 என்பது 23A0 ஆகும். இரண்டாம் சவப்பெட்டி 254 என்பது 253A ஆகும். இந்தப் பதிவில் எண்ணுக்குப் பின்னால் எழுத்து வந்தால், அந்தப் பொருள் முன்னதன் மேலோ உள்ளேயோ ஒட்டிக் கிடந்த உருப்படி என்று பொருள். ஒரு சவப்பெட்டியை இன்னொரு சவப்பெட்டியின் பொத்தான் ஆக்குகிறீர்கள் என்றேன்.

"யாருக்குக்கா தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்."

"நீங்க டிக்கெட் வாங்கப் போறதில்லையே."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். பக்கத்துக் கிடங்கில் டத்தோ நிரந்தர அருங்காட்சியகம் தொடங்கப் போகிறாராம். ஆவணப் பொறுப்பு எனக்குத்தான் என்று வாய்விட்டுச் சொன்னாராம். "இந்த நேரத்துல போயி, ஒரு நாலுக்காக…"

நான் வேலை பார்த்த தனியார் அருங்காட்சியகம் மூடப்பட்ட பிறகு புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் திருகாணி சரிபார்த்தேன். வயது ஐம்பத்தாறு. இன்னொரு அருங்காட்சியகம் என் வீட்டுக் கதவைத் தட்டப் போவதில்லை. இந்த வேலைக்காக எத்தனை வருடம் காத்திருந்தேன் என்பது குணாளனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். எல்லாம் தெரிந்துதான் முடியாது என்று சொன்னேன்.

ஜூன் 18, புதன்

பட்டர்வொர்த்தில் நாங்கள் குடியிருப்பதும் ஒரு 3A-தான். பத்து ஆண்டாக, இல்லாத மாடிக்குப் பராமரிப்புக் கட்டணம் கட்டிவருகிறோம்.

ஜூன் 23, திங்கள்

தீவுக்குப் போகும் ஃபெரி தாமதம். நான் போய்ச் சேர்ந்தபோது நான்கு வரும் ஐந்து இடங்களில் என் அட்டையை எடுத்துவிட்டுப் புதிய அட்டை வைத்திருந்தார்கள். நல்ல தாள். பளபளவென்று நெகிழி உறை. 23A0.

கிழித்துப்போடலாம் என்று கை போனது. ஆங்கிலேயராக இருந்தால் என்ன செய்திருப்பார்? அந்தப் பேழைகளின் கதவுகள் மேற்கே பார்த்திருக்க வேண்டியவை. பண்டைய தச்சர்கள் கிழக்கே பார்க்க வைத்துவிட்டார்கள். அவர் திருப்பி வைக்கவில்லை. தவறு எங்கே கிடந்ததோ அங்கேயே வைத்து அளந்து எழுதினார்.

பதிவேட்டைத் திறந்தேன். அசல் பட்டியல் 620-இல் முடிகிறது. அறையில் கண்டெடுத்த அடுத்த பொருளுக்கு அடுத்த எண்.

"621. அட்டை. வெள்ளைத் தாள், அச்சு, நெகிழி உறை. '23A0' எனும் வாசகம். கல்பெட்டியின் (240) கிழக்குப் பக்கம், தரையில். நிலை: புதியது. வைத்தவர்: மேலாளர் குணாளன். பெட்டிக்கும் இதற்கும் தொடர்பில்லை."

மற்ற நான்குக்கும் 625 வரை கொடுத்தேன். ஒவ்வொன்றின் அருகிலும் சின்னதாக எண் அட்டை வைத்தேன். அட்டைக்கு அட்டை.

"இது வம்புக்கா," என்றாள் ஷாஹிரா.

"வம்பு இல்ல. பதிவு."

"உங்களுக்குப் பதிவு. எனக்கு மூணு புள்ளைங்க. நான் படம் மட்டும் எடுக்குறேன், சரியா?"

சரி என்றேன். அவளிடம் அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமையில்லை.

குணாளன் மத்தியானம் பார்த்தார்.

"என்னக்கா இது?"

"கண்டெடுத்தது."

"நான்தானே வெச்சேன்?"

"அதையும் எழுதியிருக்கேன்."

எடுக்கப் போனார். ஒப்பந்தத்தைக் காட்டினேன். நகல்களின் உரிமையாளர்கள் ஐரோப்பாவில் இருக்கிறார்கள். பதிவேட்டின் படத்தை வாரா வாரம் அவர்களுக்கு அனுப்ப வேண்டும். பதிவான எந்தப் பொருளையும் காரணம் எழுதிக் கையெழுத்திடாமல் அகற்றக் கூடாது. பதிவானவை எல்லாம் ஒன்றாகவே ஊர்விட்டு ஊர் போக வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்து அவருடையது. சற்று நேரம் தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, 621-ல நாலு இல்ல. இருக்கட்டும்."

ஜூன் 25, புதன்

624-இல் நான்கு இருப்பதை இன்று கண்டுபிடித்துவிட்டார். அதை 623A என்று மாற்றி ஓர் அட்டை வைத்தார். அந்த அட்டைக்கு நான் 626 கொடுத்தேன்.

இது எங்கே போய் முடியும் என்று ஷாஹிரா கேட்டாள். கணக்குப்படி முடியாது என்றேன்.

ஜூன் 27, வெள்ளி

உரிமையாளர் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல். அங்கே பதிவுகளைப் பார்க்கும் பெண்மணி, ஒரே வரி: "621, தாளின் கனம் குறிப்பிடப்படவில்லை."

அளந்து அனுப்பினேன். உலகத்தில் நான் தனியாக இல்லை.

ஜூன் 28, சனி

திறப்பு விழா. திரை, புகை, முரசு. புகை விலகியபோது அரசனுக்குப் பதிலாக நான்கு கதவு கெரேத்தா வந்து நிற்குமோ என்று ஒரு கணம் எதிர்பார்த்தேன். டத்தோ கல்பெட்டியின் முன் நின்று 23A0-ஐப் பார்த்துத் தலையாட்டினார். ஒரு சிறுமி தன் அம்மாவிடம் கேட்டாள்: "பாரோ ராஜா எந்த ஃப்ளோர்மா?"

ஜூலை 6, ஞாயிறு

வின்சென்ட் அண்ணனுக்கு நம்பர் விழுந்துவிட்டது.

வாசல் காவலர். பணி ஓய்வுக்குப் பிறகும் நிற்கத் தெம்பு இருப்பதால் நிற்கிறார். புதையறையின் வடக்குச் சுவரோரம் பதினொரு துடுப்புகள் கிடக்கின்றன, அரசன் மறுஉலகத்துக்குத் துடுப்புப் போட, எண் 182. அண்ணன் முன்னால் ஒரு பூஜ்ஜியம் சேர்த்து நான்கு இலக்கமாக்கி நேற்றைய லாட்டரிக் குலுக்கலில் எழுதியிருக்கிறார். ஆறுதல் பரிசு.

"அரசன் குடுத்தான்மா," என்றார். "மூவாயிரம் வருசமா யாருக்கு குடுக்கலாம்னு பாத்துக்கிட்டே இருந்திருக்கான்."

"ஆறுதல் பரிசுதானே அண்ணே குடுத்தான்?"

"செத்தவனுக்கு ஆறுதல்தான் குடுக்கத் தெரியும்."



ஜூலை 9, புதன்

புதன், சனி, ஞாயிறு குலுக்கல். இன்று புதன். காலையிலேயே வரிசை சாலைவரை.

முகமூடியை யாரும் பார்க்கவில்லை. அட்டைகளைப் பார்த்தார்கள். உள்ளங்கையில் எழுதினார்கள், கைப்பேசியில் எழுதினார்கள். ஓர் அம்மாள் துடுப்பின் மேல் எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிட்டார். ஒருவர் சிகரெட் பாக்கெட் வைத்தார். சுருட்டு கிடைக்கவில்லையாம். இன்னொருவர் ஊதுபத்தி கொளுத்தப் போக, தீயெச்சரிக்கை அலறி ஊரே வெளியே ஓடியது.

அவர்கள் போனபின் வழக்கம்போல் அறையைச் சுற்றிவந்து பதிந்தேன்.

"627. எலுமிச்சம்பழம். குங்குமம் தடவியது. துடுப்புகளின் (182) மேல். நிலை: சாறு உள்ளது."

633 வரை போயிற்று. இந்த மண்டபத்துக்கு வந்ததில் முதல் அசல் பொருள் அந்த எலுமிச்சம்பழம்தான்.

ஜூலை 13, ஞாயிறு

இன்று ஒரு புதுச் சிக்கல். குலுக்கலில் எழுத்து எழுத முடியாது.

"ஏம்மா, இந்தப் பெரிய பெட்டிக்கு நம்பர் என்னா?" என்று ஒருவர் வழிமறித்தார். தொழிற்சாலைச் சீருடை, பெருநிலத்திலிருந்து வேலை முடிந்த கையோடு வந்திருந்தார். "ரெண்டு மூணு ஏ பூஜ்ஜியம்னு போட்டிருக்கு. கடையில குடுத்தா ஏ-வ எங்க வைக்கிறதுன்னு சிரிக்கிறான்."

"240."

"நிச்சயமாவா?"

"நூறு வருஷமா."

பின்னால் நின்றவர்கள் நெருங்கிவந்தார்கள். 253A உண்மையில் எத்தனை? 254. அப்ப அது? இது? ஒவ்வொருவருக்கும் சொன்னேன், எது எங்கே கிடந்தது என்பதையும் சேர்த்து. யாரும் பாதியில் போகவில்லை. தனியார் அருங்காட்சியகத்தில் இருந்த காலத்தில் பேராசிரியர்கள்கூட இத்தனை அக்கறையாகக் கேட்டதில்லை.

குணாளன் ஓடிவந்தார். "அக்கா, நாலு உள்ள நம்பர வாயால சொல்லாதீங்க, ப்ளீஸ்."

"கேட்டா பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"சும்மா இருக்கச் சொல்றேன்."

சும்மா இருக்கவில்லை. கதவு மூடும்வரை நின்று சொன்னேன். தொண்டை கட்டிவிட்டது.

ஜூலை 16, புதன்

குணாளனே தன் கையால் 240-ஐ மறுபடி வைத்தார். டத்தோவும் சம்மதித்துவிட்டாராம், நான்குக்குப் பயந்த மனிதர் கூட்டம் குறையும் என்றதும் அதைவிட அதிகமாகப் பயந்துவிட்டார்.

வென்றேன் என்று எழுதலாம். எழுத மனம் வரவில்லை. சரியான எண் தவறான காரணத்துக்காகத் திரும்பி வந்திருக்கிறது. தவறான காரணத்துக்காகவே போய்விடவும் செய்யும்.

621-ஐக் குப்பையில் போடப் போனார். காரணம் எழுதித் தாருங்கள் என்றேன். "என்னான்னு எழுதறது?" என்று பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றார், பிறகு வைத்துவிட்டார். வெளியேறும் வழியில் ஒரு கண்ணாடிப் பெட்டி சும்மா கிடந்தது. அட்டைகளையும் எலுமிச்சம்பழங்களையும் அதற்குள் எண்ணோடு வைத்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

நான் நினைத்தது ஒரு வாரம்கூடத் தள்ளிப்போகவில்லை.

"அக்கா, ஒரே நம்பர எத்தன வாட்டி எழுதுவாங்க? ஆளு கொறையுது." குணாளன் உட்காராமலே பேசினார். குலுக்கலுக்கு முதல் நாள் எண்களை மாற்றிவிட வேண்டும், வாரத்துக்கு மூன்று முறை. நான்கு இலக்கமாகவே இருக்கட்டும். எந்தப் பொருளுக்கு எது என்பது நம் விருப்பம்.

அதோடு, பதிவேட்டில் 620-க்கு மேல் உள்ளதெல்லாம் இல்லாத ஒரு சுத்தப் பிரதி வேண்டும், என் கையெழுத்தோடு. அருங்காட்சியக அனுமதிக்கு ஆதாரமாக டத்தோ அதைத்தான் காட்டப் போகிறார். நியமனக் கடிதம் தயாராம். திங்கட்கிழமை கையெழுத்து, திங்கட்கிழமையே வேலை.

"ஒரே ஒரு கையெழுத்துக்கா."

முடியாது என்று உடனே சொல்லாததைக் குணாளன் கவனித்தார். நானும் கவனித்தேன்.

ஜூலை 24, வியாழன்

என்ன வேண்டும் உனக்கு? ரெசின் பெட்டி அது. ஒட்டுற அட்டைதானே. ஒழுங்கா ஒரு மேசை, ஒரு அறை, உன் பேர் போட்ட கதவு - வேணாமா? வேணும். ரொம்ப வேணும்.

ஜூலை 26, சனி

புக்கிட் மெர்த்தாஜாம் புனித அன்னம்மாள் தேவாலயத் திருவிழா. நாதன் வருடந்தவறாமல் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்; நானும் போனேன். வழி நெடுக நெரிசல். கார் நின்ற இடத்திலேயே நின்றது.

"நீ கையெழுத்து போட்டா அந்த ராஜா செத்துருவானா?"

"ஏற்கெனவே செத்துட்டான்."

"அப்ப யாருக்கு நட்டம்?"

"சேசிஸ் நம்பர மாத்துனா யாருக்கு நட்டம்? கார் ஓடத்தான செய்யும்."

முன்னால் இருந்த பஸ் நகர்ந்தது. அவர் நகர்த்தவில்லை. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

"என்னையும் ஒருக்கா மாத்தச் சொன்னாங்க," என்றார் கியரைப் போட்டபடி. "மாட்டேன்னேன். வேல போச்சு. ஒனக்குத் தெரியுமே."

"தெரியும். அதுக்கப்புறந்தானே உங்களக் கட்டிக்கிட்டேன்."

கோயிலில் மெழுகுவர்த்தி வாங்கும்போது சொன்னார்: "நீ எதுக்கும் ரெண்டு நல்ல நம்பரா சொல்லிட்டுப் போ. நான் எழுதிப் பாக்குறேன்."

ஜூலை 28, திங்கள்

குணாளன் புதையறைக்குள்ளேயே வந்து கொடுத்தார். தடித்த உறை, உள்ளே நியமனக் கடிதம், அடியில் சுத்தப் பிரதி. டத்தோவின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. என் பெயருக்கு மேலே வெற்றிடம்.

"யோசிச்சீங்களாக்கா?"

"யோசிச்சேன். மாட்டேன்."

"நாளைக்கே வேற ஆளு போட்டு மாத்திருவாங்க. நீங்க போனா மட்டும் என்ன நிக்கப் போவுது?"

"மாத்தட்டும். மாத்துனத யாராச்சும் எழுதணும்ல. இன்னைக்கு வரைக்கும் நான் எழுதியிருக்கேன்."

"ஒங்களுக்கு இது வெளையாட்டா இருக்கா அக்கா? எனக்கும் வேல இருக்கு. எனக்கும் மேல ஆளு இருக்கு."

இருக்கிறது என்று தெரியும். அவர் முகத்தில் தூக்கமில்லை. திட்ட நினைத்திருந்தேன், திட்டவில்லை. இந்த ஊரில் நம்மவர்களிடம் எப்போதும் சும்மா இரு என்றுதான் சொல்வார்கள், அதுவும் அன்பாக, தேநீர் வாங்கிக் கொடுத்து. குணாளனுக்கும் யாரோ வாங்கிக் கொடுத்திருப்பார்கள். நான் சும்மா இருந்து பார்த்திருக்கிறேன். அதனால் யாரும் கதவில் என் பெயரைப் போட்டுவிடவில்லை.

மேசைக்குப் போய் உண்மைப் பதிவேட்டைத் திறந்தேன். கடைசிப் பதிவு.

"655. தாள், ஒன்று. நியமனக் கடிதம். முதல் பேழையின் (207) வாசலில் மேலாளர் குணாளன் கொடுத்தது. மடிப்பு இரண்டு. நிலை: பெறுபவர் கையெழுத்து இல்லை."

தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். படமெடுத்து ஐரோப்பாவுக்கு அனுப்பினேன். கடிதத்தை எண்ணோடு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைக் குணாளன் கையில் கொடுத்தேன். ஷாஹிரா பேழைக்குப் பின்னால் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் வின்சென்ட் அண்ணன் விதிப்படி என் பையைத் திறந்து பார்த்தார். சோற்றுப் பாத்திரம், குடை.

"கடைசி நம்பர் என்னம்மா?"

"655."

உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

ஆகஸ்ட் 20, புதன்

புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் மறுபடியும் எடுத்துக்கொண்டார்கள். முன் அனுபவம் என்ற இடத்தில் "எகிப்து" என்று எழுதியதை யாரும் கேட்கவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

ஷாஹிரா கூப்பிட்டாள். நான் போன பிறகு பதிவேடு அவள் கையில். எண்களை வாரம் மூன்று முறை மாற்றினார்களாம்; வாரப் படங்களை அவள்தான் ஐரோப்பாவுக்கு அனுப்பியிருக்கிறாள். மாறிய எண் எதுவும் யாருக்கும் விழவில்லையாம். இதில் எனக்கு மகிழ்ச்சி வந்தது; மறைக்கப் போவதில்லை.

கண்காட்சி முடிந்து ஈப்போவுக்குக் கட்டுகிறார்கள். குணாளன் சுத்தப் பிரதியைத் தானே கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறார். அதற்கு ஐரோப்பாவிலிருந்து பதில் வந்திருக்கிறது: வாரப் பதிவுகளில் 655 வரை உள்ளது, இதில் 620-ஓடு நிற்கிறது. மீதி எங்கே? காரணமும் கையெழுத்தும் இல்லாமல் அகற்றியிருந்தால், பெட்டிகள் கிளம்பாது. பிழையாக மாற்றிய எண்களையும் அசல்படி திருத்தவும்.

"இப்ப கண்ணாடிப் பெட்டிக்குள்ள எல்லாத்தையும் மறுபடி வெச்சிட்டோம்கா. எலுமிச்சம்பழம் மட்டும் அழுகி, கிளீனர் தூக்கிப் போட்டுட்டாங்க. புதுசு வாங்கி வைக்கலாமான்னு குணாளன் கேக்குறாரு."

"வைக்கலாம். நகல்னு எழுதிரு."

"நானா?"

"பதிவேடு யாருகிட்ட இருக்கு?"

பள்ளி வேன் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாள்.

நவம்பர் 15, சனி

நாதனுக்கு ஈப்போவில் ஒரு கார் பார்க்க வேண்டியிருந்தது. அப்படித்தான் சொன்னார். பட்டர்வொர்த்தில் ரயில் ஏறி, இறங்கியதும் காரைப் பற்றி மறந்துவிட்டார்.

பேரங்காடியின் மேல்மாடி. வெளியே கொட்டும் மழை. கல்பெட்டியின் அருகில் 240. சவப்பெட்டியருகில் 254. வெளியேறும் வழியில் அந்தக் கண்ணாடிப் பெட்டி, இப்போது விளக்கெல்லாம் போட்டு. 621, பளபளப்பு மங்காமல். 627, எலுமிச்சம்பழம், நகல். 655-இன் முன்னால் ஓர் இளம் ஜோடி நின்று டத்தோவின் கையெழுத்தைப் படித்துக்கொண்டிருந்தது. நாதன் கண்ணாடியில் மூக்கு இடிக்கக் குனிந்து பார்த்து, "ஒன் பேரும் விளக்குலதான் இருக்கு," என்றார்.

அப்போதுதான் பக்கத்து மேசையில் சத்தம் கேட்டது. திறப்பு வாரத்துக்காக வந்திருந்த ஷாஹிரா பதிவேட்டின் மேல் கையை ஊன்றி நின்றாள். எதிரில் ஒரு பெரியவர்.

"என்னோட கொடதான்மா அது. பெட்டி பாக்குறப்ப சாச்சி வெச்சேன். அதுக்குள்ள நம்பர் ஒட்டிட்டீங்க."

"656 அண்ணே. வடக்குச் சுவர் பக்கத்துல, துடுப்புக்கு மேல இருந்துச்சு. பதிஞ்சாச்சு."

"அப்ப திருப்பிக் குடுக்க மாட்டியா?"

"குடுப்பேன். காரணம் எழுதி, கையெழுத்து போட்டுட்டு எடுத்துக்குங்க."

என்னைப் பார்த்துவிட்டாள். சிரிக்கவில்லை, கைகாட்டவில்லை; வேலையில் இருந்தாள். நானும் தலையை மட்டும் அசைத்தேன்.

பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே பேனாவை வாங்கினார். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஒருமுறை பார்த்தார். காரணம் என்ற இடத்தில் "மழை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஷாஹிரா வாங்கிப் படித்துவிட்டு, தேதியையும் போடச் சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.